ஆதார் மாதமும் ஏழையின் பங்கும்

மகிழ்ச்சியாக இரு என்று ஒருவருக்குக் கட்டளையிட முடியுமா? உண்ணாதே எனலாம், உறங்காதே எனலாம், இன்றைக்கு வேலைக்குப் போகாதே எனலாம். இவையெல்லாம் உடம்பினால் ஆகிற காரியங்கள். மகிழ்ச்சியோ உள்ளத்தில் தானாக ஊறுவது. ஆயினும் யூதருடைய நாட்காட்டியிலே ஒரு மாதம் பிறந்தவுடன் மகிழ்ச்சியைக் கூட்ட வேண்டும் என்றொரு விதி இருக்கின்றது. அம்மாதத்தின் பெயர் ஆதார். எங்கள் மாசி, பங்குனியை ஒட்டி வருவது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலே பாபிலோனியாவில், சூரா என்னும் ஊரிலே கல்விக்கழகம் நிறுவிய ராவ் என்ற அறிஞரின் பெயரால் தல்மூத் என்னும் பெருநூல் இவ்விதியைத் தருகின்றது. அவர் சொன்னது இரட்டை விதி. எருசலேம் ஆலயம் இரு தடவை அழிந்த ஆவ் மாதம் பிறந்தால் மகிழ்ச்சியைக் குறைக்க வேண்டும். அதுபோலவே ஆதார் பிறந்தால் கூட்ட வேண்டும்.

குறைப்பதற்கு வழி எளிது. இறைச்சியையும் மதுவையும் தள்ளி வைக்கலாம். கல்யாணங்காட்சியை ஒத்திப் போடலாம். கூட்டுவது எப்படி? இந்தக் கேள்விக்கு யூத மரபு காலந்தோறும் சொல்லி வந்த விடையைத்தான், நேயர்களே, இன்றைய உரையிலே நோக்கவிருக்கின்றோம். அந்த விடை பெரும்பாலும் கையைப் பற்றியது. கொடுக்கிற கையைப் பற்றியது. அதைவிட முக்கியமாக, வாங்குகிற கையைப் பற்றியது.

முதலிலே மாதத்தைப் பற்றிச் சில சொற்கள். யூதர் சந்திரனைக் கொண்டு மாதத்தையும் சூரியனைக் கொண்டு பருவத்தையும் கணிப்பவர்கள். இரண்டுக்கும் இடையே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 11 நாள் இடைவெளி விழும். அதனை அடைப்பதற்காக 19 ஆண்டுகளில் 7 தடவை ஒரு மாதத்தை மேலதிகமாகச் சேர்ப்பர். சாந்திரமானப் பஞ்சாங்கத்தில் வருகின்ற அதிக மாதத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. யூதரிடையே அவ்வாறு இரட்டிப்பது எப்போதும் ஆதார்தான். 2024ஆம் ஆண்டிலே அவர்களுக்கு இரண்டு ஆதார் வந்தன. ஆதார் என்ற பெயரே பாபிலோனிய மொழிச் சொல். சிறையிருப்புக்குக் கொண்டு செல்லப்பட்ட மக்கள், திரும்பும்போது சிறைப்படுத்தியவரின் மாதப் பெயர்களையும் உடன் கொண்டு வந்தனர்.

கணிதம் நிலைபெறுவதற்கு முன்னே, மாதத்தைச் சேர்ப்பதா இல்லையா என்பதை நீதிமன்றத்தார் கூடித் தீர்மானித்தனர். அவர்கள் பார்த்தவை யாவை தெரியுமா? வாற்கோதுமை முற்றியிருக்கின்றதா என்று பார்த்தனர். அடுத்த மாதம் வரும் பஸ்கா விழாவுக்கு யாத்திரிகர் நடந்து வரும் பாதைகளும் பாலங்களும் மழையிலே கெட்டுப் போயினவா என்று பார்த்தனர். தூரதேசத்திலிருந்து புறப்பட்ட யாத்திரிகர் இன்னும் வந்து சேரவில்லையா என்றும் பார்த்தனர். வழியிலே நிற்பவனுக்காக வருடத்தையே ஒரு மாதம் நீட்டுகின்ற மனம் அது. ஆதார் மாதக் கொடையின் கதையை இந்த இடத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று நான் கருதுகின்றேன்.

ஏறத்தாழ கி.பி. 200இலே தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத்தொகுதி, ஆலயம் நிலைத்திருந்த காலத்தில் ஆதார் மாதம் எவ்வாறு கழிந்தது என்பதைச் சொல்கின்றது. முதலாம் நாளிலே சேக்கல் வரியைப் பற்றிப் பறைசாற்றுவர். 15ஆம் நாளிலே பாதைகளையும் தெருக்களையும் நீராடும் குளங்களையும் திருத்துவர். மாரி மழையிலே அடையாளம் அழிந்துபோன கல்லறைகளுக்கு மீண்டும் அடையாளம் இடுவர். பொதுத் தேவைகள் யாவும் அம்மாதத்திலே கவனிக்கப்பட்டன. இன்றைய மொழியில் சொன்னால் அது சிரமதான மாதம். 15ஆம் நாள் மாகாணங்களிலும் 25ஆம் நாள் ஆலயத்திலும் காசு மாற்றுவோர் தம் மேசைகளைப் போட்டு உட்காருவர். விவிலியம் வாசித்தவர்களுக்கு அந்த மேசைகள் நினைவுக்கு வரலாம். இயேசு கவிழ்த்த மேசைகள் இத்தகையவைதாம்.

எதற்காகக் காசு மாற்ற வேண்டும்? வளர்ந்த ஆண் ஒவ்வொருவனும் ஆலயத்துக்கு அரைச் சேக்கல் கொடுக்க வேண்டும். அதுவும் தீரு நகரத்து வெள்ளி நாணயமாகக் கொடுக்க வேண்டும். முழு நாணயம் சுமார் 14 கிராம் நிறை. வெள்ளித் தரத்திலே பேர் பெற்றது. அதன் ஒரு முகத்திலே மெல்கார்ட் என்னும் அந்நிய தெய்வத்தின் தலையும் மறு முகத்திலே கழுகும் இருந்தன. உருவ வழிபாட்டை அடியோடு வெறுத்த மக்கள் தம் ஆலயத்துக்கு இந்த நாணயத்தை ஏற்றுக்கொண்டனர் என்பது வேடிக்கைதான். எனினும் இங்கே நாம் உற்று நோக்க வேண்டியது வேறொன்று. யாத்திராகமம் இந்த அரைச் சேக்கலுக்கு ஒரு நிபந்தனை விதிக்கின்றது. செல்வன் அரைக்கு மேலே கொடுக்கக் கூடாது. ஏழை அரைக்குக் குறையக் கூடாது. செல்வன் அதிகம் கொடுப்பதைத் தடுக்கின்ற சட்டத்தை நாம் அடிக்கடி காண்பதில்லை. ஆலயத்திலே நாள்தோறும் எரிந்த பலியில் செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே பங்கு என்பது இதன் கருத்து. ஏழை அந்த அரைச் சேக்கலைத் தேடிக்கொள்வதற்கு எவ்வளவு பாடுபட்டிருப்பான் என்பது வேறு விடயம்.

அதே ஆலயத்திலே இரகசியக்காரரின் அறை என்றொரு அறையும் இருந்தது. இருப்பவர் உள்ளே சென்று யாரும் காணாமல் பணத்தை வைப்பர். நல்ல குடியிலே பிறந்து நொடித்துப் போனவர் உள்ளே சென்று யாரும் காணாமல் எடுத்துக்கொள்வர். வைத்தவர் யார், எடுத்தவர் யார் என்பது ஒருவருக்கும் தெரியாது. மிஷ்னா இதை ஒரேயொரு வசனத்திலே சொல்லிவிட்டுப் போய்விடுகின்றது. எனக்கோ அந்த நூலின் ஏனைய பக்கங்களைக் காட்டிலும் இந்த ஒரு வசனமே மனதில் நிற்கின்றது.

கி.பி. 70இலே உரோமர் ஆலயத்தை எரித்தனர். அரைச் சேக்கல் நிற்கவில்லை. போய்ச் சேருமிடம் மாறியது. வெஸ்பாசியன் பேரரசன், யூதர் தம் ஆலயத்துக்குக் கொடுத்த தொகையை இனிமேல் உரோமாபுரியிலுள்ள யூப்பித்தர் கோவிலுக்குக் கொடுக்க வேண்டுமெனக் கட்டளையிட்டான். முன்பு ஆண்கள் மட்டும் கொடுத்தனர்; இப்போது பெண்களும் பிள்ளைகளும் கொடுத்தனர். மனமுவந்து கொடுத்த காசு தண்டமாயிற்று. இவ்வரியின் பெயரால் நடந்த பொய்க் குற்றச்சாட்டுகளை நீக்கியதாக நேர்வா பேரரசன் கி.பி. 96இலே நாணயமே வெளியிட்டான் என்றால், கொடுமை எந்த அளவுக்குப் போயிருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். ஆலயம் இல்லாமற் போன பின்பு ஆதார் மாதத்துக்கு எஞ்சியது ஒரு பண்டிகை. அதுவே பூரிம்.

பூரிம் பண்டிகையின் மூலக்கதை எஸ்தர் என்ற நூலிலே உள்ளது. நேயர்களில் பலர் அறிந்த கதையாதலால் சுருக்கமாகச் சொல்கின்றேன். பாரசீகப் பேரரசன் அகாஸ்வேரு. சூசான் அவன் தலைநகர். இன்றைய ஈரானின் தென்மேற்கிலே அதன் இடிபாடுகள் இருக்கின்றன. அவனுடைய பிரதானியாகிய ஆமான், தன்னை வணங்காத மொர்தெகாய் என்ற யூதனின் மீது கொண்ட கோபத்தை அவன் இனத்தின் மீதே பாய்ச்சினான். எல்லோரையும் ஒரே நாளில் அழிப்பதற்கு நாள் குறிக்கச் சீட்டுப் போட்டான். சீட்டுக்குப் பெயர் பூர். விழுந்த நாள் ஆதார் 13. அரசனின் கருவூலத்துக்குப் பதினாயிரம் தாலந்து வெள்ளி தருவதாகவும் வாக்களித்தான். மொர்தெகாயின் வளர்ப்பு மகளாகிய எஸ்தர் அரசியாயிருந்தாள். அழைப்பின்றி அரசன் முன் சென்றால் உயிர் போகும் என்று தெரிந்தும் சென்றாள். ஆமான் தான் நாட்டிய மரத்திலேயே தூக்கப்பட்டான்.

இக்கதையை வரலாறு என்று ஏற்போர் ஆராய்ச்சியாளரிடையே மிகச் சிலரே. அகாஸ்வேருவைக் கி.மு. 486 முதல் 465 வரை ஆண்ட சேர்க்சஸ் என்று அடையாளங் காண்பர். ஆனால் அவனுக்கு எஸ்தர் என்றொரு அரசி இருந்ததற்குப் பாரசீகத்திலோ கிரேக்கத்திலோ சான்று இல்லை. எபிரேய எஸ்தரிலே இறைவனின் பெயர் ஓரிடத்திலேனும் வரவில்லை என்பது இன்னொரு புதுமை. சொல்லாராய்ச்சி செய்வோருக்கு இந்நூலின் முதல் அதிகாரமே விருந்து. அரசனின் ஆட்சி ‘ஹோது’ முதல் கூஷ் வரை 127 மாகாணங்கள் என்கின்றது. ஹோது என்பது சிந்து என்ற பெயரின் திரிபு. எபிரேய விவிலியத்திலே இந்தியா பெயர் சுட்டப்படுவது இந்த நூலில்தான். அரண்மனைத் திரைச்சீலைகளில் ஒரு வகைக்குக் ‘கர்பஸ்’ என்று பெயர். பருத்தியைக் குறிக்கும் வடசொல்லாகிய கார்ப்பாசம் அங்கே வரை சென்றிருக்கின்றது.

கதையின் முடிவிலே, துக்கம் மகிழ்ச்சியாக மாறிய நாட்களாக ஆதார் 14ஐயும் 15ஐயும் கொண்டாடும்படி மொர்தெகாய் எழுதுகின்றான். விருந்துண்ண வேண்டும், ஒருவருக்கொருவர் பலகாரப் பங்குகள் அனுப்ப வேண்டும், ஏழைகளுக்குக் கொடை வழங்க வேண்டும். இந்த மூன்றுடன் எஸ்தர் சுருளை வாசிக்கக் கேட்பதும் சேர்ந்து நான்கு கடமைகளாயின. பாலஸ்தீனத்து அறிஞர் ரேஷ் லாகிஷ் ஓர் அழகிய முடிச்சுப் போட்டார். ஆமான் வெள்ளியை நிறுத்துக் கொடுப்பான் என்பதை இறைவன் முன்னரே அறிந்திருந்தமையால், அதே மாதத்திலே மக்கள் அரைச் சேக்கல் கொடுக்கும் வழக்கத்தை முந்தி ஏற்படுத்தினான் என்றார். அழிப்பதற்குக் கொடுத்த காசுக்கு முன்னே வாழ்விப்பதற்குக் கொடுத்த காசு போய்ச் சேர்ந்தது என்பது பொருள்.

இனி ஏழைக்குக் கொடுப்பது பற்றிய சட்டங்களுக்கு வருவோம். எனக்கு இந்த வரலாற்றிலே சுவை மிக்க பகுதி இதுவே.

ஆண்டின் ஏனைய நாட்களிலே யூத ஊர்களில் தருமம் ஒழுங்காகக் கணக்கிட்டு நடந்தது. தருமப்பெட்டி என்று ஒன்று. அதிலே வாரந்தோறும் சேர்த்துப் பகிர்வர். தருமத்தட்டு என்று ஒன்று; அதிலே அன்றன்று சமைத்த உணவைச் சேர்த்துப் பகிர்வர். இரண்டு நேரத்துச் சாப்பாடு கையில் உள்ளவன் தட்டிலே வாங்கக் கூடாது. 14 நேரத்துச் சாப்பாடு உள்ளவன் பெட்டியிலே வாங்கக் கூடாது. பெட்டிக்கு வசூலிக்க இருவர், பகிர்வதற்கு மூவர். வந்தவன் உண்மையான ஏழைதானா என்று விசாரிக்கும் வழக்கமும் இருந்தது. பொதுப் பணம் அல்லவா, விசாரிக்கத்தான் வேண்டும். நிவாரண அட்டைக்கு வரிசையில் நின்ற அனுபவம் உள்ள எங்களுக்கு இந்த ஒழுங்கும் தெரியும், அந்த விசாரணையின் போது முகம் எப்படிச் சுண்டும் என்பதும் தெரியும்.

பூரிம் நாளிலே இந்த விசாரணை நிறுத்தப்பட்டது. அன்றைய பணத்தைப் பற்றித் துருவக் கூடாது; கை நீட்டுகின்ற எவருக்கும் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொருவரும் குறைந்தது இரண்டு ஏழைகளுக்கு, ஆளுக்கொரு கொடை வழங்க வேண்டும். ஒருவருக்கேனும் இரண்டு உணவுப் பங்குகள் அனுப்ப வேண்டும். தருமத்திலே வாழ்கின்ற ஏழையும் அன்று இரண்டு ஏழைகளுக்குக் கொடுத்தாக வேண்டும். ஆண்டு முழுவதும் வாங்கியே பழகிய கை, அன்று ஒரு தடவை மேலே இருக்கின்றது.

அடுத்து வருவது ஒரு வழக்கு. பூரிம் விருந்துக்கென்று சேர்த்த பணத்தைப் பெற்ற ஏழை ஒருவன், அதைக் கொண்டு தன் செருப்புக்கு ஒரு வார் வாங்கலாமா? கூடாது என்றது ஒரு பக்கம். விருந்துக்கென்று கொடுத்தது விருந்துக்கே ஆக வேண்டும். ஊரார் முன்னிலையிலே முன்கூட்டிச் சொல்லியிருந்தால் அன்றி வேறு செலவு செய்யலாகாது. வாங்கலாம் என்று தளர்த்திக் கொடுத்தது மற்றப் பக்கம். முதலில் இவ்வழக்கைப் படிக்கின்றவர்களுக்கு, அறுந்த செருப்போடு நடக்கும் ஏழையிடம் போய் வாதாடுகின்றார்களே என்று எரிச்சல் வரும். எனக்கும் தளர்த்தியவர் பக்கமே மனம் சாய்கின்றது. ஆனால் மறுத்தவரின் வாதத்தையும் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். ஏழைக்கு எப்போதும் ஒரு செருப்பு வார் அறுந்தபடிதான் இருக்கும். ஒரு கூரை ஒழுகிக்கொண்டும், ஒரு கடன் காத்துக்கொண்டும் இருக்கும். தேவை என்று பார்க்கத் தொடங்கினால் அவனுக்கு விருந்து என்பது ஒருநாளும் வராது. அன்றைக்கு ஒரு நாளாவது அவன் தேவைக்காக அல்லாமல் மகிழ்ச்சிக்காகச் செலவழிக்கட்டும் என்று அந்தப் பக்கத்தார் எண்ணியிருக்கலாம். பணம் பகிர்வோருக்கும் ஒரு விதி இருந்தது. கன்றுகளை வாங்கி அறுப்பதிலே சிக்கனக் கணக்குப் பார்க்கக் கூடாது. தாராளமாக வாங்கு, எஞ்சியதைத் தருமப்பெட்டியிலே சேர் என்பது அது.

கிராமத்தாரைப் பற்றிய விதியும் கவனத்துக்குரியது. சந்தைக்கும் வழக்குக்குமாக அவர்கள் நகரத்துக்கு வருவது திங்களும் வியாழனும். ஆகவே பூரிமுக்கு முந்திய திங்களிலோ வியாழனிலோ எஸ்தர் சுருளை முன்கூட்டியே வாசித்துக்கொள்ள அவர்களுக்கு அனுமதி இருந்தது. அவ்வாறு வாசிப்பு முந்தினால், ஏழைகளுக்கான பணத்தை அன்றே சேர்த்து அன்றே பகிர்ந்துவிட வேண்டும். ஏனெனில் ஏழைகளின் கண்கள் சுருள் வாசிப்பையே பார்த்துக் காத்திருக்கின்றன என்று தல்மூத் காரணம் கூறுகின்றது. பூரிம் ஓய்வுநாளிலே வந்தால் வாசிப்பை வேறு நாளுக்கு மாற்றுவதற்கும் ராவ் யோசேப்பு என்பவர் இதே காரணத்தைச் சொன்னார். ஓய்வுநாளிலே காசைக் கையாலே தொடலாகாது. அன்று வாசித்தால் ஏழை காத்திருந்து வெறுங்கையோடு போவான். இரண்டு ஆதார் வருகின்ற ஆண்டிலே முதல் ஆதாருக்கும் இரண்டாம் ஆதாருக்கும் வேறுபாடு என்ன என்று மிஷ்னா கேட்கின்றது. சுருள் வாசிப்பும் ஏழைக்குக் கொடுப்பதும் தவிர வேறில்லை என்பது அதன் விடை. வாசிப்பையும் கொடையையும் அவர்கள் பிரிக்கவே இல்லை.

பலகாரம் அனுப்புவது பற்றி ஒரு வேடிக்கையான நிகழ்ச்சியைத் தல்மூத் காத்து வைத்திருக்கின்றது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பாபிலோனியாவில் ரப்பா என்ற பேரறிஞர் இருந்தார். கல்விக்கழகத்துக்குத் தலைவரான பின்னும் அவர் வீட்டில் வறுமை நீங்கவில்லை. வாற்கோதுமை ரொட்டிக்கே முட்டுப்பாடு. அவரிடம் வளர்ந்தவன் அவருடைய சகோதரனின் மகன், பெற்றோரை இழந்த அபயே. பிற்காலத்திலே அவனும் பேரறிஞன். ஒரு பூரிம் நாளிலே ரப்பா, மாரி என்னும் நண்பருக்கு ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு கிண்ணம் வறுத்த மாவும் அபயேயிடம் கொடுத்து அனுப்பினார். (மாரி என்ற பெயரைக் கேட்டு எங்களவர் என்று எண்ணிவிட வேண்டாம், அது அரமேயப் பெயர்.) கமக்காரன் அரசனானாலும் கழுத்துக் கூடை இறங்காது என்று மாரி நினைப்பாரே என்று அபயே குறும்பாகச் சொன்னான். மாரி பதிலுக்கு அனுப்பியது ஒரு பை இஞ்சியும் ஒரு கிண்ணம் திப்பிலியும். நான் இனிப்பு அனுப்ப அவர் உறைப்பு அனுப்பினார் என்று ரப்பா நினைப்பாரே என்று அபயே இப்போதும் குறும்பு பேசினான். ரப்பாவின் வீட்டில் வயிறு நிறைந்தே புறப்பட்டதாகவும், மாரியின் வீட்டிலே அறுபது தட்டில் அறுபது வகைக் கறி வைத்தார்களென்றும், அறுபதையும் உண்டு கடைசித் தட்டையே மெல்லத் தோன்றியதென்றும் பின்னர் அவன் சொல்லியிருக்கின்றான். ஏழைக்குத் தான் பசித்திருப்பது தெரியாது என்ற பழமொழிக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்வர். சிரித்துக்கொண்டே சொன்ன கதைதான். ஆனால் வளர்ந்த வீட்டிலே ஒருநாளும் வயிறு நிறையவில்லை என்பதை அந்தப் பிள்ளை வேறொரு வீட்டு விருந்திலேதான் அறிந்துகொண்டான்.

மாரி அனுப்பிய இஞ்சிக்கு அரமேய மொழியில் வழங்கிய பெயர் ‘ஸங்க்வீலா’. பாளியிலே ‘சிங்கிவேர’. இதன் மூலம் இஞ்சி, வேர் என்ற திராவிடச் சொற்களே என்று மொழிநூலார் காட்டுவர். கிண்ணத்திலிருந்தது ‘பில்பல்தா’, பிப்பலி என்ற சொல்லின் வழி வந்தது, எங்கள் திப்பிலிக்கு உறவு. தென்னாசியாவின் சொல்லும் சரக்கும் கடல் கடந்து போய், யூபிரத்தீசு நதிக்கரையிலே ஒரு பண்டிகைத் தட்டத்தில் இருந்திருக்கின்றன.

பன்னிரண்டாம் நூற்றாண்டிலே இந்தச் சட்டங்களையெல்லாம் ஒழுங்குபடுத்தி எழுதியவர் மைமோனிடிஸ். 1138இலே ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்து, எகிப்தின் புஸ்தாத் நகரிலே வைத்தியராகவும் சமூகத் தலைவராகவும் வாழ்ந்து, 1204இலே மறைந்தார். பூரிம் நாளுக்கு அவர் இட்ட வரிசை தெளிவானது. சொந்த விருந்தையும் நண்பருக்கு அனுப்பும் பங்கையும் பெருக்குவதை விட ஏழைக்குக் கொடுப்பதைப் பெருக்குவதே மேல். ஏழை, அநாதை, விதவை, அந்நியன் ஆகியோரின் மனதை மகிழ்விப்பதற்கு மேலான மகிழ்ச்சி இல்லை என்பது அவர் துணிபு. வேறோரிடத்திலே, வாசற்கதவைப் பூட்டிக்கொண்டு மனைவி மக்களோடு மட்டும் உண்டு குடித்துப் பண்டிகை கொண்டாடுபவனுடையது வெறும் வயிற்றின் மகிழ்ச்சி என்று சற்றுக் கடுமையாகவே எழுதுகின்றார். கொடையை எட்டுப் படியாகப் பிரித்தவரும் அவரே. முகஞ்சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. கடனோ தொழிலோ கூட்டுவியாபாரமோ கொடுத்து, இனிக் கையேந்தாதபடி ஒருவனை நிலைநிறுத்துவது முதற்படி.

எழுதியவர் துயரம் அறியாதவர் அல்லர். இரத்தின வியாபாரம் செய்து குடும்பத்தைத் தாங்கிய தம்பி தாவீது, எங்கள் இந்து சமுத்திரத்திலே கப்பலோடு மூழ்கினான். தமது பணமும் பிறர் பணமும் அவனோடு போயின. ஏறத்தாழ ஓராண்டு படுக்கையிலே கிடந்ததாக அவரே ஒரு கடிதத்தில் குறிப்பிட்டிருக்கின்றார்.

அவர் வாழ்ந்த புஸ்தாத்திலே ஏழைகள் எப்படி இருந்தனர் என்பதும் இன்று நமக்குத் தெரியும். இறைவன் பெயர் எழுதிய தாளை எறியலாகாது என்ற வழக்கத்தால், அங்குள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் அறையொன்றில் நூற்றாண்டுக் கணக்கான கடதாசிகள் குவிந்து கிடந்தன. 1896-97இலே சொலமன் ஷெக்டர் அவற்றிலே பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். அவற்றை எஸ். டி. கொயிட்டைன் முதலியோர் பல்லாண்டு ஆராய்ந்தனர். உள்ளே இருந்தவற்றில் ரொட்டி பகிர்ந்த பட்டியல்கள் உண்டு. இன்ன விதவைக்கு இத்தனை ரொட்டி, இன்ன குருடருக்கு இத்தனை என்று எழுதியிருக்கின்றது. உதவி கேட்டு எழுதிய கடிதங்களும் உண்டு. ‘மஸ்தூர்’ என்றொரு அரபுச் சொல் அவற்றில் வரும். மறைந்திருப்பவர் என்று பொருள். வறுமையை வெளியிலே காட்டாமல் மானத்தோடு வாழ்பவரை அச்சொல் குறித்தது. உதவி கேட்பதை, முகத்திரையை விலக்குவது என்று அவர்கள் எழுதினர். எருசலேமின் அந்த இரகசிய அறை எதற்காக இருந்தது என்பது இந்தக் கடதாசிகளால் விளங்குகின்றது.

இதே மாதம் 7ஆம் நாளை மோசே இறந்த நாளாக மரபு கொள்கின்றது. பிரேதங்களைக் குளிப்பாட்டி அடக்கம் செய்கின்ற சங்கத்தார் பல ஊர்களிலே அன்று பகலில் நோன்பிருந்து இரவில் ஒன்றாக விருந்துண்பர். பிராக் நகரிலே 1564இலே அத்தகைய சங்கம் நிறுவப்பட்டது. செத்தவன் கைம்மாறு செய்ய முடியாது. ஆகவே அவனுக்குச் செய்வதே கலப்பில்லாத உதவி என்பது அவர்கள் கொள்கை.

கலையையும் மறந்துவிடக் கூடாது. ஐரோப்பாவிலே ஏழை மாணவர்கள் வேடம் பூண்டு, வீடு வீடாகச் சென்று எஸ்தர் கதையை ஆடிப் பாடிக் காசு பெற்றனர். பூரிம் கூத்து எனலாம். அதற்கு 17ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி உண்டு. 1876இலே ருமேனியாவின் யாஷ் நகரில் ஆபிரகாம் கோல்ட்ஃபாடன் தொடங்கிய இத்திஷ் மொழி நாடக மேடைக்கு இக்கூத்தே வேர். அன்று அந்த மாணவன் பிச்சை கேட்கவில்லை. ஆடியதற்குக் கூலி வாங்கினான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு எஸ்தர் நூலின் ஒன்பதாம் அதிகாரத்தின் மறுபாதியைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஏழைக்குக் கொடை வழங்கச் சொல்கின்ற அதே அதிகாரம், யூதர் தம் பகைவரில் எழுபத்தையாயிரம் பேரைக் கொன்றதாகவும் சொல்கின்றது. வரலாறு அன்று, கதையின் மிகை என்று அறிஞர் சமாதானம் கூறுவர். கொள்ளையிலே கை வைக்கவில்லை என்று நூல் மூன்று தடவை வற்புறுத்துகின்றது. இருந்தாலும் அந்தப் பகுதியை மனம் கசங்காமல் வாசிக்க முடியாது. நான் மதிப்பது பின்வந்த சட்ட அறிஞரின் தெரிவை. ஓர் அதிகாரத்திலே வாளும் இருந்தது, பலகாரத் தட்டும் இருந்தது. கடமை என்று அவர்கள் எடுத்துக்கொண்டது தட்டை மட்டுமே.

ஆனால் எல்லோரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 1942இலே போலந்தின் சுதுன்ஸ்கா வோலா என்னும் ஊரிலே, ஆமானின் பத்துப் புதல்வருக்குப் பழி என்று சொல்லி, பூரிம் நாளில் நாஜிகள் பத்து யூதரைத் தூக்கிலிட்டனர். 1994ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் திகதி பூரிம்; அது ரமழான் மாதத்து வெள்ளிக்கிழமையாகவும் இருந்தது. ஹெப்ரோன் நகரத்து இப்ராஹிமி பள்ளிவாசலிலே தொழுதுகொண்டிருந்த பலஸ்தீனரில் 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றான். அவன் தொழிலால் வைத்தியன். யூதர்களிடையேயே பெரும் வெட்கத்தையும் கண்டனத்தையும் எழுப்பிய செயல் அது. சிலர் அவனைப் போற்றவும் செய்தனர்.

தப்பிப் பிழைத்த ஊர்கள் தமக்கெனத் தனிப் பூரிம்களையும் வைத்துக்கொண்டன. அவற்றிலும் சில இதே மாதத்தில் வருவன. 1524இலே எகிப்தின் ஆளுநர் அகமது பாஷா சுல்தானுக்கு எதிராகக் கிளம்பி, கெய்ரோ யூதரிடம் பெருந்தொகை கேட்டு மிரட்டினான். அவன் வீழ்ந்த நினைவாக ஆதார் 28. பிராங்க்பர்ட் நகரிலே 1614இலே வின்சென்ட் பெட்மில்ஹ் என்ற ரொட்டி சுடுபவன் தலைமையிலே கூட்டத்தார் யூதர் தெருவைக் கொள்ளையிட்டு அவர்களைத் துரத்தினர். 1616ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் திகதி அவன் மரண தண்டனை பெற்றான். அன்றே யூதர் ஊருக்குள் மீள அழைத்து வரப்பட்டனர். அது ஆதார் 20.

ஆலயம் போய் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாயினும் அரைச் சேக்கல் இன்னும் முற்றாக மறையவில்லை. பூரிம் நாளுக்கு முந்திய மாலையிலே, சுருள் வாசிக்கத் தொடங்குமுன், பல தொழுகைக்கூடங்களில் வாசலருகே ஒரு தட்டு வைப்பர். அந்தந்த நாட்டு நாணயத்தின் அரைப் பெறுமதியுள்ள காசுகள் மூன்று அதிலே கிடக்கும். இப்போது அரைக் காசு எல்லோர் கையிலும் புழங்குவதில்லை. ஆகையால் வருகின்றவர் தம் கொடையைத் தட்டிலே போட்டு, அந்த மூன்று காசுகளையும் தமதாக்கிக் கையில் எடுத்து உயர்த்தி, மீண்டும் தட்டிலே வைத்துவிட்டு உள்ளே போகின்றார். அடுத்து வருபவர் அதே மூன்றையும் எடுக்கின்றார். சேர்ந்த பணம் ஏழைகளுக்குப் போகின்றது.